அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 'ரூல்' வாக்கெடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நடைமுறை வாக்கெடுப்பில் மசோதா தப்பியது", "நடைமுறை வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சிக்குப் பின்னடைவு" என்று அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி வரும். பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், மசோதா நிறைவேறியதா இல்லையா என்பதுதான் முக்கியம் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் கேள்வி சபைக்கு வரலாம், எது வரவே கூடாது என்பது அந்த நடைமுறை வாக்கெடுப்பில்தான் முடிவாகிறது. அதில் முக்கியமானது 'ரூல்' வாக்கெடுப்பு. நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன்.

'ரூல்' என்றால் சபையின் நிரந்தர விதிகளா?

இல்லை, அது வேறு. ஒவ்வொரு சபையும் தன் நடவடிக்கை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு சொல்கிறது. அதன்படி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிய சபை கூடியதும் ஒரு விதித் தொகுப்பை ஏற்றுக்கொள்கிறார்கள். அதுவும் கட்சி வாரியாகத்தான் நடக்கும். 2023 ஜனவரி 9 அன்று 220-213, அதாவது ஆதரவு 220, எதிர்ப்பு 213.

நான் இங்கே சொல்லும் 'ரூல்' என்பது ஒரு குறிப்பிட்ட மசோதாவுக்காக மட்டும் எழுதப்படும் தனித் தீர்மானம். இந்த மசோதாவை எத்தனை மணி நேரம் விவாதிக்கலாம், அந்த நேரம் யார் கையில் இருக்கும், யாருடைய திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதலில் இந்தத் தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு, அது ஜெயித்தால்தான் மசோதா. மொத்தம் 435 பேர் இருக்கும் சபையில் எந்த வரம்பும் இல்லாமல் பேச விட்டால் ஒரு மசோதாவுக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு தேவை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் என் ஆதங்கம்.

அதில் அப்படி என்ன எழுதியிருக்கும்?

வழக்கமான ஒரு ரூலை எடுத்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம்தான்.

முதல் வரி: இந்தத் தீர்மானம் நிறைவேறியதும் இன்ன எண் மசோதாவைச் சபையில் எடுத்துக்கொள்வது முறையாகும். அடுத்தது: மசோதாவை எடுத்துக்கொள்வதற்கு எதிரான எல்லா ஒழுங்குப் பிரச்சினைகளும் தள்ளுபடி. அதாவது சபையின் சொந்த விதியையே இந்த மசோதா மீறியிருந்தாலும் யாரும் எழுந்து ஆட்சேபிக்க முடியாது. அப்புறம், மசோதா படிக்கப்பட்டதாகக் கருதப்படும். பிறகு, ஒரு மணி நேர விவாதம். அது சம்பந்தப்பட்ட குழுவின் தலைவருக்கும் சிறுபான்மைக் கட்சியின் மூத்த உறுப்பினருக்கும் சரிபாதி. கடைசியாக, மசோதாவைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பக் கோரும் ஒரே ஒரு தீர்மானம் அனுமதிக்கப்படும்.

திருத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, கவனித்தீர்களா? இல்லை என்றால், திருத்தமே கிடையாது என்று அர்த்தம். இதற்குப் பெயர் 'மூடிய ரூல்'. யார் வேண்டுமானாலும் திருத்தம் கொண்டுவரலாம் என்றால் 'திறந்த ரூல்'. இரண்டுக்கும் நடுவில், குழு பொறுக்கி எடுத்த திருத்தங்களை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் என்று ஒதுக்கும் வகை ஒன்று உண்டு. இப்போது பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் மூடியதும் இந்த நடுவகையும்தான்.

இதை எழுதுவது யார்?

விதிகள் குழு. மொத்தம் 13 பேர், அதில் பெரும்பான்மைக் கட்சிக்கு 9, சிறுபான்மைக் கட்சிக்கு 4. சபையில் இரண்டு கட்சிகளுக்கும் நாலைந்து இடம்தான் வித்தியாசம் என்றாலும் இந்தக் குழுவில் 9-4தான். பெரும்பான்மைத் தரப்பு உறுப்பினர்கள் சபாநாயகரின் ஆட்கள், அதனால் அவர் விரும்பாத ஒரு ரூல் இங்கிருந்து வெளியே வருவது அபூர்வம். கேபிடல் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எச்-313 என்ற சின்ன அறையில் கூடுவார்கள். 2025இல் தலைவராக வந்தவர் வட கரோலினாவின் வர்ஜீனியா ஃபாக்ஸ், எதிர்த் தரப்பில் மூத்தவர் மாசசூசெட்ஸின் ஜிம் மெக்கவர்ன்.

2025 மே 21 அன்று இந்தக் குழு நள்ளிரவு ஒரு மணிக்குக் கூடியது. வரி, மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய டிரம்ப்பின் பெரிய மசோதாவுக்கு ரூல் எழுதத்தான். ஏறக்குறைய 22 மணி நேரம் நடந்தது. உறுப்பினர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து, என் தொகுதியில் இத்தனை பேருக்கு மருத்துவக் காப்பீடு போய்விடும், இந்த ஒரு திருத்தத்துக்காவது வாக்கெடுப்பு கொடுங்கள் என்று கேட்டார்கள். கடைசியில் வந்த ரூலில் ஜனநாயகக் கட்சியின் திருத்தம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலையில் மசோதா 215-214 என்று நிறைவேறியது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்! அந்தத் திருத்தங்களில் ஒன்றிரண்டை வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் மசோதாவின் உருவமே மாறியிருக்கலாம், அதனால்தான் விடவில்லை.

ரூல் வாக்கெடுப்பு ஏன் எப்போதும் கட்சி வாரியாகவே நடக்கிறது?

ரூல் என்பது மசோதாவின் நல்லது கெட்டதைப் பற்றியது அல்ல, சபை யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியது என்ற புரிதல் இரண்டு கட்சிகளிலும் ஊறிப் போயிருக்கிறது. மசோதா பிடிக்கவில்லையா, எதிர்த்து வாக்களித்துக்கொள், ஆனால் ரூலில் கட்சியை விட்டுக்கொடுக்காதே என்பதுதான் எழுதப்படாத சட்டம். சிறுபான்மைக் கட்சியும் அப்படியே, மசோதா பிடித்திருந்தாலும் ரூலை எதிர்க்கும். 2002 நவம்பருக்குப் பிறகு 2023 ஜூன் வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ரூல்கூடச் சபையில் தோற்கவில்லை என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு இறுக்கமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ரூலுக்கு ஆதரவு, மசோதாவுக்கு எதிர்ப்பு என்று ஒரே ஆள் வாக்களிக்கலாமா?

தாராளமாக. 2025 ஜூலை 3 அன்றே நடந்தது. செனட்டில் மாற்றங்களோடு திரும்பி வந்த அதே பெரிய மசோதாவின் ரூலுக்குக் கென்டக்கியின் தாமஸ் மாஸி ஆதரவாக வாக்களித்தார், பிறகு மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார். நான் மாஸியைக் குறிவைத்துச் சொல்லவில்லை, இரண்டு கட்சிகளிலும் இப்படிச் செய்யாதவர்கள் குறைவு. ஆனால் தொகுதி மக்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது. "அந்தத் திருத்தம் வந்திருந்தால் நான் ஆதரித்திருப்பேன்" என்று ஒருவர் ஊரில் வந்து சொல்வார். அந்தத் திருத்தம் வராமல் செய்த ரூலுக்கு ஆம் என்று வாக்களித்ததும் அவராகவே இருப்பார்.

15 நிமிட வாக்கெடுப்பு எப்படி ஐந்து மணி நேரம் ஓடுகிறது?

விதிப்படி 15 நிமிடம் என்பது குறைந்தபட்சம்தான், அதிகபட்சம் என்று எதுவும் இல்லை. வாக்கெடுப்பை எப்போது மூடுவது என்பது தலைமை நாற்காலியில் இருப்பவர் கையில்.

2025 ஜூலை 2 இரவு நான் நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் நேரம் பூஜ்யத்தைத் தொட்டு அப்படியே நின்றுவிட்டது, எண்ணிக்கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. குடியரசுக் கட்சியில் ஐந்து பேர் எதிர்த்து வாக்களித்திருந்தார்கள், இன்னும் சிலர் வாக்கே போடவில்லை. சபையில் உறுப்பினர்கள் பிளாஸ்டிக் அட்டையை இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டியில் செருகி வாக்களிப்பார்கள், சுவரில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அல்லது சிவப்பு விளக்கு எரியும். கடைசிக் கட்டத்தில் வாக்கை மாற்ற வேண்டுமென்றால் முன்னால் உள்ள மேசைக்கு நடந்து போய், ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு என்று ஒரு காகித அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், எல்லாரும் பார்க்கப் பார்க்க. அந்த நடைக்காகத்தான் தலைமை மணிக்கணக்காகக் காத்திருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் 219-213 என்று ரூல் ஜெயித்தது. எதிர்த்த ஐந்து பேரில் நால்வர் மாறிவிட்டார்கள், பென்சில்வேனியாவின் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக் ஒருவர் மட்டும் கடைசி வரை மாறவில்லை.

அந்த மாதமே இதைவிட நீண்ட வாக்கெடுப்பும் நடந்தது. கிரிப்டோ மசோதாக்களுக்கான நடைமுறை வாக்கெடுப்பு ஒன்று ஒன்பது மணி நேரத்துக்கு மேல் திறந்தே கிடந்தது. மூடும் நேரம் சபாநாயகர் தரப்பின் விருப்பம் என்று இருக்கும்வரை, தோற்கப்போகும் வாக்கெடுப்பை ஜெயிக்கும்வரை நீட்டிக்கலாம். எனக்கு இது சரியாகப் படவில்லை, எந்தக் கட்சி செய்தாலும்.

ரூல் தோற்றால் என்ன ஆகும்?

மசோதா அங்கேயே நிற்கும். 2023 ஜூன் 6 அன்று 206-220 என்று ஒரு ரூல் தோற்றது. அதில் இருந்தவை கேஸ் அடுப்புகளைக் காப்பதற்கான மசோதாக்கள் முதலானவை, குடியரசுக் கட்சியில் யாருக்கும் அவற்றில் ஆட்சேபம் இல்லை. அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற கடன் உச்சவரம்பு விஷயத்தில் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி பைடனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மீது பதினொரு பேருக்குக் கோபம், அந்தக் கோபத்தை ரூலில் காட்டினார்கள். அந்த வாரம் சபை முடங்கியது.

அது ஒரு பூட்டை உடைத்த மாதிரி ஆயிற்று. அதே வருடம் செப்டம்பரில் பாதுகாப்புத் துறை நிதி மசோதாவின் ரூல் ஒரே வாரத்தில் இரண்டு முறை தோற்றது. 2023-24 சபையில் மொத்தம் ஏழு ரூல்கள் தோற்றன. மெக்கார்த்தி அக்டோபர் 3 அன்று பதவியே இழந்தார். 2025 ஏப்ரல் 1 அன்று இன்னொன்று. குழந்தை பெற்ற உறுப்பினர்கள் சில வாரங்களுக்கு வேறொருவர் மூலம் வாக்களிக்க அனுமதி கேட்ட முயற்சியை ஒரு ரூலுக்குள் வைத்தே கொல்லப் பார்த்தார்கள், குடியரசுக் கட்சியிலிருந்தே ஒன்பது பேர் எதிர்த்து வாக்களித்து 206-222 என்று கவிழ்த்துவிட்டார்கள்.

ரூலுக்குள் வேறு விஷயத்தை நுழைக்க முடியுமா?

முடியும், இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

2025 பிப்ரவரி 1 அன்று டிரம்ப் அவசரநிலை அறிவித்து, அதைக் காட்டிக் கனடா, மெக்சிகோ பொருள்களுக்கு வரி போட்டார். தேசிய அவசரநிலைச் சட்டத்தின்படி, அதை ரத்து செய்யக் கோரி யாராவது தீர்மானம் கொடுத்தால் குழு 15 நாட்காட்டி நாட்களுக்குள் அதைச் சபைக்கு அனுப்ப வேண்டும், பிறகு வாக்கெடுப்பு வந்தே தீரும். மார்ச் 11 அன்று அரசின் செலவுக்கான தற்காலிக நிதி மசோதாவுக்கு ஒரு ரூல் வந்தது. அதன் உள்ளே ஒரு சிறு பத்தி: இந்தக் கூட்டத்தொடரில் மீதமுள்ள நாள் எதுவும் அந்தச் சட்டப் பிரிவின் கணக்குக்கு 'நாட்காட்டி நாள்' ஆகாது. அவ்வளவுதான், வரிகளின் மேல் வாக்கெடுப்பு நடத்த வேண்டிய கெடு நின்றுபோனது. ரூல் 216-214 என்று நிறைவேறியது. மறுநாள் செய்தி பெரும்பாலும் நிதி மசோதாவைப் பற்றித்தான். வரிகளைக் கேள்வி கேட்கும் உரிமையைச் சபை தானே விட்டுக்கொடுத்தது பலருக்குத் தெரியவே இல்லை.

ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையாக இருந்தபோது இப்படிச் செய்யவில்லையா?

செய்தது. நான்சி பெலோசி சபாநாயகராக இருந்த 2019-2022 காலத்தில் ஒரு திறந்த ரூல்கூடக் கிடையாது. 2021இல், மசோதாவைத் திருப்பி அனுப்பும் தீர்மானத்தோடு சிறுபான்மைக் கட்சி ஒரு திருத்தத்தைச் சேர்த்து அங்கேயே வாக்கெடுப்பு பெறும் பழைய வழியையும் அடைத்தார்கள். பிறகு வந்த குடியரசுக் கட்சி அதைத் திறக்கவில்லை, அடைத்தபடியே வைத்துக்கொண்டது. இரண்டு தரப்பும் சிறுபான்மையில் இருக்கும்போது கதறுவதும் பெரும்பான்மை கிடைத்ததும் அதையே செய்வதும் தொடர்கிறது.

திறந்த ரூலை ஏன் கைவிட்டார்கள்?

பயம். 2016 மே மாதம் எரிசக்தி நிதி மசோதா திறந்த ரூலில் வந்தது. நியூயார்க்கின் ஷான் பேட்ரிக் மலோனி, அரசு ஒப்பந்ததாரர்கள் தன்பாலின ஈர்ப்பாளர்களிடமும் திருநர்களிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து ஜெயித்தார். மறுநாள் குடியரசுக் கட்சியினர் தங்கள் மசோதாவையே கைவிட்டார்கள், 112-305 என்று தோற்றது. அதன்பின் சபாநாயகர் பால் ரயன் கதவை மூடினார். 2023 ஜனவரியில் எண்ணெய்க் கையிருப்பு பற்றிய மசோதா ஒன்றுக்கு ஓரளவு திறந்த ரூல் தந்தார்கள், நூற்றுக்கு மேல் திருத்தங்கள் வந்தன, இரண்டு நாள் உட்கார்ந்து முடித்தார்கள். உலகம் இடிந்து விழவில்லை. ஆனாலும் அது வழக்கமாகவில்லை.

இந்த அதிகாரம் எப்போது இப்படிக் குவிந்தது?

நீண்ட கதை, சுருக்கிச் சொல்கிறேன். 1910 வரை சபாநாயகரே விதிகள் குழுவின் தலைவர். ஜோசஃப் கேனன் அதை வைத்துக்கொண்டு எந்த மசோதாவையும் வாழவைக்கவும் சாகடிக்கவும் முடிந்தது. அவர் கட்சிக்காரரான நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நாரிஸ் கிளர்ச்சி செய்து, 1910 மார்ச்சில் 191-156 என்று அவரைக் குழுவிலிருந்தே வெளியேற்றினார்.

அதிகாரம் போனது குழுத் தலைவர்களிடம். 1955 முதல் விதிகள் குழுவின் தலைவராக இருந்த வர்ஜீனியாவின் ஹவர்ட் ஸ்மித், கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமை மசோதாக்களுக்கு ரூல் தராமலே நிறுத்தினார். 1957இல் பண்ணையில் களஞ்சியம் எரிந்துவிட்டது, பார்க்க வேண்டும் என்று ஊருக்குப் போய்விட்டார், தலைவர் இல்லாமல் குழு கூட முடியவில்லை. அவரை உடைக்க சபாநாயகர் சாம் ரேபர்ன் 1961 ஜனவரியில் குழுவை 12இலிருந்து 15 ஆக்கினார், அந்த வாக்கெடுப்பு 217-212. ரேபர்ன் அன்று தோற்றிருந்தால் 1964 சிவில் உரிமைச் சட்டம் இன்னும் எவ்வளவு காலம் அந்த அறையில் கிடந்திருக்குமோ. 1970களில் ஜனநாயகக் கட்சி தன் தரப்பு உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரத்தைச் சபாநாயகருக்குக் கொடுத்தது, குழு மறுபடி அவர் கைக்குள் வந்தது.

சிறுபான்மைக் கட்சிக்கு வழியே இல்லையா?

மூன்று உண்டு. ரூல் விவாதத்தின் முடிவில் "விவாதம் போதும்" என்ற வாக்கெடுப்பு ஒன்று வரும். அதைத் தோற்கடித்தால் ரூலைத் திருத்தும் வாய்ப்பு எதிர்த்தரப்புக்குப் போகும். நடைமுறையில் தோற்பதே இல்லை. இரண்டாவது, முன்பு சொன்ன திருப்பி அனுப்பும் தீர்மானம், இப்போது பல் பிடுங்கியது.

மூன்றாவதுதான் வேலை செய்கிறது: விடுவிப்பு மனு. 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் தலைமை விரும்பாவிட்டாலும் வாக்கெடுப்பு. பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் பற்றிய அரசு ஆவணங்களை வெளியிடக் கோரிய மனு அப்படித்தான் வந்தது. மாஸியும் ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னாவும் தொடங்கினார்கள், குடியரசுக் கட்சியில் நான்கு பேரே கையெழுத்திட்டார்கள். அரிசோனா இடைத்தேர்தலில் வென்ற அடெலிடா கிரிஹால்வா 2025 நவம்பர் 12 அன்று பதவியேற்றதும் 218ஆவது கையெழுத்தைப் போட்டார். ஆறே நாளில் மசோதா 427-1 என்று நிறைவேறியது. நான்கு மாதமாகச் சபைக்கே வர விடாமல் வைத்திருந்த விஷயத்துக்கு, வந்த பிறகு எதிர்ப்பு ஒரே ஒரு வாக்கு!

சிறுபான்மைக் கட்சி எப்போதாவது ரூலை ஆதரித்திருக்கிறதா?

நெருக்கடியில் செய்திருக்கிறது. 2023 மே 31 அன்று கடன் உச்சவரம்பு மசோதாவின் ரூலுக்கு ஜனநாயகக் கட்சியினர் 52 பேர் வாக்களித்துக் காப்பாற்றினார்கள். 2024 ஏப்ரலில் உக்ரைன், இஸ்ரேல், தைவான் உதவிக்கான ரூல் 316-94. அதில் குடியரசுக் கட்சி 151, ஜனநாயகக் கட்சி 165. தன் ரூலுக்கு எதிர்க்கட்சியிடமிருந்து அதிக வாக்கு வாங்கினார் சபாநாயகர் மைக் ஜான்சன்.

செனட்டிலும் இப்படியா?

இல்லை. அங்கே விவாதத்தை முடிக்கவே பெரும்பாலும் 60 வாக்கு வேண்டும், இப்படிப்பட்ட ரூல் தீர்மானம் கிடையாது.

நம் நாடாளுமன்றத்தோடு ஒப்பிட முடியுமா?

ஓரளவுக்குத்தான். மக்களவையில் எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்கிறது, பெரும்பாலும் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள், அதற்கென்று பெயர்வாரி வாக்கெடுப்பு வருவதில்லை. கொறடா உத்தரவை மீறினால் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். அமெரிக்காவில் ரூலை எதிர்த்தவருக்குத் தலைமையின் கோபம் வரும், குழுப் பதவி போகலாம், ஆனால் உறுப்பினர் பதவி போகாது. அதனால்தான் பதினொரு பேர் சேர்ந்து ஒரு வாரம் சபையை நிறுத்த முடிகிறது.

யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பதிவு அங்கே இருக்கிறது, அது பெரிய விஷயம். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போயின, அவற்றைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன திருச்சி சிவா போன்றோரின் தீர்மானங்களும் அப்படியே விழுந்தன. எண்ணிக்கை வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டும் கிடைக்கவில்லை, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் பதிவில்லை.

என் தொகுதி உறுப்பினர் ரூலுக்கு எப்படி வாக்களித்தார் என்று எங்கே பார்ப்பது?

சபை எழுத்தரின் இணையதளத்தில் ஒவ்வொரு பெயர்வாரி வாக்கெடுப்பும் அன்றைக்கே வந்துவிடும். மசோதா எண்ணை வைத்துத் தேடினால் ரூல் வாக்கெடுப்பு அகப்படாது, ஏனென்றால் அது தனி எண்ணுள்ள ஒரு 'எச்.ரெஸ்.' தீர்மானம். மசோதா நிறைவேறிய தேதியை எடுத்துக்கொண்டு அதற்கு ஓரிரு நாள் பின்னோக்கிப் போங்கள். எச்.ரெஸ். என்ற எண்ணில் அடுத்தடுத்து இரண்டு வாக்கெடுப்பு தெரியும், முதலாவது "விவாதம் போதும்", இரண்டாவது ரூல். தீர்மானத்தின் எண்ணைச் சொடுக்கினால் முழு வாசகமும் வரும், ஒன்றிரண்டு பக்கம்தான். சம்பந்தமில்லாத பத்தி ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் கடைசிப் பகுதியில் இருக்கும், அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.